சொல்லிவிட்டேன் என்று சொன்னேன்

தொலைக்காட்சித் தொடரில் ஓர் அப்பா செத்துப்போனால் அதைப் பிள்ளைகளிடம் சொல்ல மூன்று நாள் எடுத்துக்கொள்கிறார்கள். முதல் நாள் அம்மாவின் முகம். இரண்டாம் நாள் பிள்ளையின் முகம். மூன்றாம் நாள் இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள், கூடவே வயலினும் அழுகிறது. நாலாம் நாள் அந்தப் பிள்ளை தலை சீவிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விடுகிறது. என் மருமகள் மூக்கைச் சிந்திக்கொண்டே பார்ப்பாள். நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். எனக்கு இளகின மனசு, தாங்காது என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இளகின மனசுமில்லை, ஒரு மண்ணுமில்லை. இந்தக் காட்சியை நானே ஒருமுறை நடித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அப்போது எனக்குப் பதினேழு வயது. காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இன்னும் இறங்கவில்லை. இன்றைக்கு இறங்கும், நாளைக்கு இறங்கும் என்று கடைத்தெருவில் பேச்சாகக் கிடந்தது. எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் சைகோனில் இருந்தார்கள். அக்காவை நாங்கள் லாத்தா என்போம். என் லாத்தாவின் மாப்பிள்ளையும் அங்கேதான் ஜவுளிக்கடையில் இருந்தார். எங்களில் கல்யாணமான பெண் தாய்வீட்டை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் வந்து போவார். அதனால் லாத்தாவும் அவளுடைய இரண்டு பெண்பிள்ளைகளும் எங்களோடுதான் இருந்தார்கள். மூத்தவளுக்கு எட்டு வயது, இளையவளுக்கு நாலு. எங்களைப் பெற்றவள் முன்னமே போய்விட்டதால் வாப்பாவின் அக்கா, எங்கள் மாமி, வீட்டைப் பார்த்துக்கொண்டார். மாமி சொன்னால் சொன்னதுதான். வாப்பாவே எதிர்த்துப் பேச மாட்டார்.

மச்சான் கடைசியாக வந்தபோது ஒரு ரேடியோ கொண்டுவந்திருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்கால அசர் தொழுகை முடிந்ததும் கடலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு தொடர் நாடகம் வரும். ஒரு சோப்புக் கம்பெனிக்காரன் காசு கொடுத்து நடத்தினான். தொடக்கத்திலும் முடிவிலும் சோப்பைப் பற்றி ஒருத்தி கொஞ்சிக் கொஞ்சிப் பேசுவாள். அதனால் எங்கள் வீட்டில் அதற்குப் பேரே சோப்பு நாடகம். நானும் மூத்தவளும் ரேடியோவில் காதை ஒட்டவைத்துக்கொண்டு கேட்போம். மறுநாள் நாங்களே அதை நடிப்போம். எல்லா வசனமும் அவளுக்கு ஒருமுறை கேட்டாலே பாடமாகிவிடும். அம்மா வேஷம் எனக்கு, பிள்ளை வேஷம் அவளுக்கு. இளையவளுக்கு வசனம் வராது என்பதால் அவளை வயலினாக்கிவிட்டோம். சோகமான இடத்தில் உதட்டைக் குவித்துக்கொண்டு "ஊஊ" என்று இழுப்பாள். எனக்குச் சிரிப்புத் தாங்காது.

அந்த நாடகத்தில் ஒரு வாரம் அப்பா ரயில் விபத்தில் செத்துப்போனார். அம்மா பிள்ளையை மடியில் உட்காரவைத்து, "கண்ணே, அப்பா வெகுதூரம் போய்விட்டார். இனி உனக்கு அப்பாவும் நான்தான், அம்மாவும் நான்தான்" என்றாள். பிள்ளை ஒரு நிமிஷம் சும்மா இருந்துவிட்டு, "நான் அழமாட்டேன் அம்மா. நான் பெரியவனாகிவிட்டேன்" என்றது. வயலின். பிறகு சோப்பு. நானும் மூத்தவளும் தேம்பித் தேம்பி அழுதோம். இதை மட்டும் நாங்கள் நாலைந்து தடவை நடித்திருப்போம். சாவுச் செய்தி என்றால் இப்படித்தான் சொல்வார்கள், இப்படித்தான் கேட்டுக்கொள்வார்கள் என்று நான் முழுசாக நம்பினேன்.

அதற்கு மூன்றாவது வாரம் சைகோனிலிருந்து தந்தி வந்தது. மச்சான் காய்ச்சலில் மவுத்தாகி, அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டது. லாத்தா அப்போது நாலு மாதக் கர்ப்பம். தந்தி வந்தபோது பிள்ளைகள் இருவரும் குர்ஆன் ஓதப் போயிருந்தார்கள். மாமி அவர்களை வீட்டு வாசலை மிதிக்கவிடாமல், அங்கிருந்தே வண்டி ஏற்றி நெடுங்காட்டில் இருந்த சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அழுகையெல்லாம் ஒரு வாரத்தில் வீட்டுக்குள் முடிந்தது. லாத்தா வெள்ளைச் சேலை உடுத்தி, வெளியே வராமல் உள்ளறையில் இத்தா இருந்தாள். மற்ற விதவைகளுக்கு நாலு மாதம் பத்து நாள் கணக்கு. வயிற்றில் பிள்ளை இருந்தால் பிள்ளை பிறக்கும்வரை இருக்கவேண்டும்.

பிள்ளைகள் திரும்பி வருகிற நாள் காலையில் மாமி என்னைக் கூப்பிட்டார்.

"நீதான் சொல்லணும். அதுங்களோட விளையாடுறவ நீ. உன் வாயால சொன்னாத்தான் அதுங்க தாங்கும். இப்போ ஒருதரம் சொல்லிட்டா போதும். அப்புறம் இந்த வூட்ல யாரும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. வயித்துல புள்ளையோட இருக்கா, அவகிட்டயும் எடுக்கக் கூடாதுன்னு சொல்லி வையி."

எனக்குப் பயமாக இருந்தது என்று எழுதினால் அது பாதி உண்மை. பெருமையாகவும் இருந்தது. இத்தனை பேர் இருக்க என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களே என்று இருந்தது. அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று முகத்தைச் சரிசெய்து பார்த்துக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே நான் அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மத்தியானம் இரண்டு பேரையும் மாடியறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மூத்தவளை மடியில் உட்காரவைத்தேன். என்ன சொல்வது? எனக்கென்று ஒரு சொல்லும் வரவில்லை. வாயைத் திறந்தால் வந்தது அதுதான்.

"கண்ணே, வாப்பா வெகுதூரம் போயிட்டாங்க. இனிமே உனக்கு..."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கண்ணில் ஒரு மினுக்கம். நிமிர்ந்து உட்கார்ந்து, குரலைப் பிள்ளைக் குரலாக்கிக்கொண்டு, "நான் அழமாட்டேன் அம்மா. நான் பெரியவனாகிவிட்டேன்" என்றாள். பக்கத்தில் இளையவள் உதட்டைக் குவித்து "ஊஊ" என்று வயலின் வாசிக்கத் தொடங்கினாள்.

நான் அழுதுவிட்டேன். நிஜமாக அழுதேன். மூத்தவள் என் கன்னத்தைத் துடைத்துவிட்டு, "இந்தத் தடவை நல்லா அழுவுறீங்க சின்னம்மா" என்று பாராட்டினாள்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். இது நாடகமில்லையம்மா, உன் வாப்பா மவுத்தாகிவிட்டார்கள் என்று நாலே சொல். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை நான் கெடுக்கவேண்டுமா என்று தோன்றியது. இல்லை, அதுவும் அலங்காரம்தான். எனக்குத் தைரியம் இல்லை. "உம்மாகிட்ட வாப்பா பேச்சை எடுக்காதீங்க. அவுங்களுக்கு உடம்புக்கு ஆவாது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.

மாடிப்படி அடியிலேயே மாமி நின்றார். "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொல்லுச்சு?"

"அழமாட்டேன்னு சொல்லுச்சு."

ஒரு வார்த்தையும் பொய்யில்லை, பாருங்கள். மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யா அல்லாஹ், அந்தப் பச்சப்புள்ளைக்கு எம்புட்டு சபூர்!" என்றார். பொறுமை என்பதைத்தான் நாங்கள் சபூர் என்போம். விசாரிக்க வந்த பெண்களிடமெல்லாம் மாமி இதைச் சொன்னார். நான் எவ்வளவு பக்குவமாகச் சொன்னேன் என்பதையும் சேர்த்துச் சொன்னார். நான் குனிந்த தலை நிமிராமல் டீக் கிளாஸ்களை எடுத்துக்கொண்டிருந்தேன். அடக்கம் என்று அதையும் மெச்சினார்கள்.

இரண்டொரு நாளில் அவளுக்குத் தானாகவே தெரிந்துவிடும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். தெரியவில்லை. தெரிவதற்கு நாங்கள் விட்டால்தானே? ஊரில் ஒரு மவுத்து என்றால் குளிப்பாட்டிக் கிடத்திய மையத்து இருக்கும், அதை வைத்துத் தூக்கும் சந்தூக்கு இருக்கும், ஆண்கள் தூக்கிக்கொண்டு போவார்கள். இங்கே ஒன்றுமில்லை. அவளுக்கு வாப்பா என்பவர் எப்போதுமே சைகோனில் இருப்பவர், அப்போதும் சைகோனில்தான் இருந்தார். உம்மா அறையை விட்டு வராததற்கும் வெள்ளைச் சேலைக்கும் வயிற்றுப் பிள்ளைதான் காரணம் என்று அவளே முடிவுகட்டிக்கொண்டாள். லாத்தா சில நேரம் அவளை இழுத்து அணைத்துக்கொண்டு அழுவாள். "புள்ளை பொறந்தா எல்லாம் சரியாப் போயிரும் உம்மா" என்று இவள் முதுகைத் தடவிக்கொடுப்பாள். எட்டு வயதில் இப்படி ஆறுதல் சொல்கிறாளே என்று லாத்தா இன்னும் அழுவாள். நான் கதவுப் பக்கம் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்று இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த பொய் என்னுடையது.

ரேடியோவை மாமி துணி போட்டு மூடிவிட்டார். "உம்மாவுக்குச் சத்தம் ஆகாதா?" என்று மூத்தவள் கேட்டாள். ஆமாம் என்றேன். பொய் சொல்லப் பழகிவிட்டால் ஆமாம் என்ற ஒரு சொல் போதும்.

ஒன்றரை மாதம் கழித்து மச்சானின் கடிதம் வந்தது. படுத்த படுக்கையாவதற்கு முன்னால் எழுதிப்போட்டது, கப்பலில் மெதுவாக வந்து சேர்ந்திருக்கிறது. மூத்தவள் பேருக்கே எழுதியிருந்தார். என் வாப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கடைசியில், "எல்லாம் தெரிஞ்ச புள்ளைதானே. அவ வாப்பா எழுதினது, அவகிட்டயே குடுப்போம்" என்று அவளிடமே கொடுத்துவிட்டார். அவள் எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள். உம்மாவைத் தொந்தரவு பண்ணாதே. தங்கச்சியை அடிக்காதே. பிள்ளை பிறக்கிற நேரத்துக்கு வாப்பா வந்துவிடுவேன்.

வாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமி சமையற்கட்டுக்குள் ஓடிவிட்டார். மூத்தவள் கடிதத்தை மடித்து, தங்கச்சியைத் தூக்கிச் சுற்றினாள்.

அன்று சொல்லியே தீர்வது என்று அவளைத் தேடிப் போனேன். வாப்பா வந்தால் எப்படி ஸலாம் சொல்லவேண்டும், எப்படிக் கையைப் பிடித்து உதடு வைத்து முத்தவேண்டும் என்று தங்கச்சிக்குப் பழக்கிக்கொண்டிருந்தாள். "நீங்க வாப்பாவா நில்லுங்க சின்னம்மா" என்றாள். நின்றேன். இரண்டு பேரும் மாறி மாறி என் கையை முத்தினார்கள்.

ஊர் வாயை மூட முடியுமா? ஒருநாள் பக்கத்து வீட்டுச் சிறுமி எங்கள் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தபோது, "ஒங்க வாப்பாதான் மவுத்தாயிட்டாங்களே" என்று சொல்லிவிட்டாள். நான் அங்கேதான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். முறம் கையிலேயே நின்றுவிட்டது. மூத்தவள் கொஞ்சமும் கலங்கவில்லை.

"அது நாடகம்டி. நாங்க விளையாடுனது. வேணும்னா சின்னம்மாவைக் கேட்டுப் பாரு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அல்லாஹ் என் முன்னால் கதவைத் திறந்துவைத்து, உள்ளே வா என்று கூப்பிட்டதுபோல் இருந்தது. நான் முறத்தைத் தட்டி, "ஓதப் போற நேரத்துல என்ன விளையாட்டு? எழுந்திரிங்கடி" என்று அதட்டினேன்.

அவளுக்கு நிஜமாகவே தெரியாதா, இல்லை தெரிந்துகொள்ள விரும்பவில்லையா என்று பிற்காலத்தில் நிறைய யோசித்திருக்கிறேன். என் மனச்சுமை குறையும் என்றுதான் அப்படி யோசித்தேன். குறையவில்லை. பிள்ளை சந்தேகப்பட்டிருந்தால் அதைத் தீர்த்துவைக்க அவள் நம்பிய ஆள் நான். என்னைக் கேட்டாள், நான் அதட்டினேன்.

லாத்தாவுக்கு ஒரு காலைப்பொழுதில் ஆண் பிள்ளை பிறந்தது. மருத்துவச்சி குளிப்பாட்டிக் கொடுத்ததும் என் வாப்பா பிள்ளையின் காதில், தொழுகைக்கு அழைப்பதுபோல், பாங்கு சொன்னார். அத்தோடு இத்தாவும் முடிந்தது. லாத்தா சுவரில் சாய்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அத்தனை மாதத்தில் அவள் முகத்தில் அன்றுதான் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. மூத்தவள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். "வாம்மா, தம்பியைப் பாரு" என்றாள் லாத்தா.

அவள் ஓடிவந்தாள். தம்பியின் விரலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, தெளிவாக, சந்தோஷமாகக் கேட்டாள்.

"வாப்பாவுக்குத் தந்தி குடுத்தாச்சா உம்மா? எந்தக் கப்பல்ல வர்றாங்களாம்?"

லாத்தா அவளைப் பார்த்தாள், மாமியைப் பார்த்தாள், மறுபடி அவளைப் பார்த்தாள். பிள்ளையை மாமி கையில் கொடுத்துவிட்டு அவளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள்.

"வாப்பா மவுத்தாயிட்டாங்கம்மா. காய்ச்சல்ல மவுத்தாயிட்டாங்க. இனிமே வர மாட்டாங்க." அவ்வளவுதான் சொன்னாள். குரல்கூட நடுங்கவில்லை. பிறகு, "ஒனக்கு யாரும் சொல்லலையா?" என்று கேட்டாள்.

அவள் முகம் வெளுத்தது. அழவில்லை. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். இல்லை. தப்புச் செய்து அகப்பட்டுக்கொண்டவள் போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சின்னம்மா சொன்னாங்க உம்மா. நான்தான் நாடகம்னு நெனச்சுக்கிட்டேன்."

"புள்ளைக்கு என்ன தெரியும், பாவம்" என்றார் மாமி.

ஆமாம் என்று நானும் தலையாட்டினேன்.