முன்சக்கரக் குமிழ்

புதுப்பிப்பதற்காக ஒரு பழைய பிக்கப் வண்டியைத் தேடிப் பூந்தமல்லிப் பட்டறைக்குச் சென்றிருந்தேன். அங்கிருந்த இரண்டில், துருவேறியதன் முன்சக்கரக் குமிழைத் திருப்பியபோது 'டக்' என்றொரு ஒலி எழுந்தது.

ஆவடிக் குடியிருப்பில் நாங்கள் வசித்த காலத்தில், அப்பா ஏலத்தில் எடுத்த வண்டியிலும் இதே ஒலிதான். மழையில் பட்டாபிராம் சாலை சேறானால், நான்கு சக்கரங்களும் இழுப்பதற்கு, ஒருவர் இறங்கி முன்சக்கரங்களின் நடுவிலுள்ள இரு குமிழ்களையும் கையால் திருப்ப வேண்டும். அம்மாதான் சேலையைச் செருகிக்கொண்டு இறங்குவாள்.

"மகாராசா மட்டும் கால் நனையாம குந்திகினு கீறாரு!"

"ராணி தட்டுனாத்தான் வண்டி நவுரும்," என்பார் அப்பா.

அவள் பானட்டை இருமுறை தட்டிய பிறகே அவர் வண்டியை நகர்த்துவார். நடுவில் அமர்ந்து அந்தத் தட்டலுக்காகக் காத்திருப்பேன்.

"இன்னா சார், இத்தயா எடுக்கப் போறீங்க?" என்றார் பட்டறைக்காரர் காதர் பாய். "எறங்கி எறங்கி யாரு திருப்புவா? உள்ளயே சுவிட்ச் வச்சுத் தர்றேன். கூட யாரு வராங்க?"

"ஒருத்தரும் இல்ல பாய். குமிழ் அப்படியே இருக்கட்டும்."

மறுபுறம் சென்று இரண்டாவது குமிழையும் திருப்பினேன். என்னையறியாமல் பானட்டை இருமுறை தட்டினேன். வண்டி நகரட்டுமென்று ஒதுங்கி நின்ற பிறகே, ஓட்டுநர் இருக்கையில் எவருமில்லை என்பது நினைவுக்கு வந்தது.