மிச்சம் வைக்கக் கூடாத ஊரில் ஒரு பகல்

கொழுப்பைத் தின்ற செல்கள் என்னென்ன சுரக்கின்றன என்று பார்ப்பது சென்னை ஆய்வகமொன்றில் என் வேலை. மாதக்கணக்கில் கண்ணாடித் தட்டுகளையே பார்த்துச் சலித்துப்போனதால், போன ஆவணியில் இரண்டு நாள் விடுப்பு எடுத்துப் பட்டாசு ஊர்களைப் பார்க்கக் கிளம்பினேன்.

காலை 11.20க்கு விருதுநகர். ஒரு நாளைக்கு 2,200 ரூபாய் பேசிய டிரைவர் செல்வராசு அண்ணனுடன் நேராக எண்ணெய் பரோட்டாக் கடைக்குப் போனேன். நான் ஒன்றோடு திணற, அவர் நாலு முடித்தார்.

"போன வருசம் நெஞ்சுல ஸ்டென்ட் வச்சாக மேடம். இப்பக் கொழுப்பு நார்மலாம். அதான் ரெண்டு மாசமா மாத்திரைய நிறுத்திட்டேன்."

"யாரைக் கேட்டு நிறுத்தினீங்கண்ணே?"

"கொழுப்புத்தான் கொறஞ்சிருச்சே மேடம். ஆர்டர் முடிஞ்சப்புறமும் யாராச்சும் லோடு ஏத்துவாகளா?"

ஸ்டென்ட் வைத்தவர் மாத்திரையை நிறுத்தினால் குழாய் மறுபடி அடைத்துக்கொள்ளலாம் என்பதால் எனக்குப் பயமாகிவிட்டது.

சிவகாசி 26 கிலோமீட்டர். கரிசல் காட்டில் ஒற்றை அறைப் பட்டாசுக் கொட்டகைகள், சண்டை போட்டுத் தள்ளித் தள்ளிப் படுத்தவர்களைப் போல வெயிலில் தூங்கின. எனக்கும் கண் சொக்கியது. ஆனாலும் வாய் ஓயவில்லை. ரத்தக் குழாய்ச் சுவரில் சேரும் கொலஸ்ட்ராலைச் சில செல்கள் விழுங்கும். வெளியேற்ற முடியாமல் மிஞ்சினால் அது உள்ளேயே படிகமாகிக் குத்தும். உடனே செல் அழற்சி மூலக்கூறுகளைச் சுரந்து ஆள் திரட்டும், சுவர் புண்ணாகும். எல்லாக் கொழுப்பும் அப்படியில்லை, மீன் கொழுப்பிலிருந்து அழற்சியைத் தணிக்கும் பொருள்களும் உண்டாகின்றன என்றேன்.

"உள்ள அம்புட்டு நடக்குதா?" என்று சிரித்துவிட்டு கியரை மாற்றினார்.

சிவகாசியில் சுற்றிவிட்டு, இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி எம். புதுப்பட்டிக்கு 4.10க்குப் போனோம். அங்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் மனைவி மாரியம்மாவுக்கு வேலை. முழங்கை வரை அலுமினியத் தூள் மினுங்க, கனவில் வருகிறவரைப் போல மெதுவாக நடந்து வந்தார்.

"லேட்டாயிருச்சு. கலந்த வெடிமருந்து மிச்சம் இருந்துச்சுக்கா. அதை வச்சுட்டு வந்தா, அதுவாப் புழுங்கித் தீப்பிடிச்சிரும். தினமும் தண்ணியில கொட்டி, ரூமைத் தொடச்சுட்டுத்தான் வரணும்."

"நேத்து சுத்தமாத்தானே இருந்துச்சுன்னு ஒருநாள் விட்டா?" என்று கேட்டேன். பார்த்தது அண்ணனை.

"தொடச்சதாலதானக்கா நேத்து சுத்தமா இருந்துச்சு."

மாரியம்மா வண்டியில் ஏறியும் அண்ணன் சாவியைத் திருப்பவில்லை. அவர் பக்கம் திரும்பி, "நான் மாத்திரைய நிறுத்திட்டேன், மாரி" என்றார்.

"எம்புட்டு நாளா?"

"ரெண்டு மாசம்."

மாரியம்மா திட்டவில்லை. "வண்டிய ஆஸ்பத்திரிக்கு விடுங்க" என்றார். நேராகச் சிவகாசி ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் பரிசோதித்து, மாத்திரையைத் திரும்ப எழுதிக் கொடுத்தார்.

போகிறவர்களுக்கு: கம்பெனிக்குள் விடமாட்டார்கள், வாசலோடு நின்றுகொள்ளுங்கள். தீப்பெட்டி வேண்டவே வேண்டாம். பரோட்டா இரண்டோடு நிறுத்துங்கள். செல்வராசு அண்ணன் வண்டி கிடைத்தால், ஸ்டியரிங் பக்கத்தில் மாரியம்மா பேனாவால் கிழமை எழுதிய மாத்திரை அட்டை செருகியிருக்கும். இன்றைய மாத்திரை அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வண்டியில் ஏறாதீர்கள். அவர் விழுங்கட்டும், பிறகு கிளம்பலாம்.