ஒரு கடிதத்துக்கு மூன்று தப்பு

எல்லோரும் அவரைக் கமா டீச்சர் என்றுதான் சொல்வார்கள். இருபத்திரண்டு வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட மாப்பிள்ளை யார் என்று பார்க்கமாட்டார். ஆங்கிலப் பக்கத்தில் கமா சரியான இடத்தில் விழுந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்.

கடல் கடந்த ஒரு மிஷன் பள்ளிக்கு ஆங்கில ஆசிரியை தேவை என்று விளம்பரம் வந்தபோது விண்ணப்பம் போட்டது அவருடைய கணவர்தான். தபால் ஆபீஸிலிருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். "நீ வேலைக்குப் போ. நான் கூட வந்து சமைச்சுப் போடுறேன்" என்றார். சொன்னபடி வந்தார். சமையல்தான் சொன்னபடி வரவில்லை.

மாதா கோவிலுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. கோவில் மணி அடித்தால் அடுப்பில் மூடி ஆடும். வகுப்பறைக்குத் தகரக் கூரை. மழை பிடித்துக்கொண்டால் பாடத்தை நிறுத்திவிட்டு, டீச்சரும் நாற்பத்தோரு பிள்ளைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் கடிதம் எழுதுவதற்கு. ஒவ்வொரு பிள்ளைக்கும் படிப்புக்குப் பணம் அனுப்ப எங்கோ ஒரு தூரதேசத்தில் ஓர் உபகாரி உண்டு. அவருக்கு மாதம் ஒரு கடிதம், ஆங்கிலத்தில். 'நான் நலம். நீங்கள் அனுப்பிய பென்சிலும் நலம்' என்ற கணக்கில் போய்க்கொண்டிருந்தது. முதல் கட்டைப் படித்த கமா டீச்சருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. எட்டு மாதம் மல்லுக்கட்டினார். பிள்ளைகள் எழுதத் தொடங்கினார்கள். வீட்டைப் பற்றி, மழையைப் பற்றி, செத்துப்போன நாயைப் பற்றி. படித்தால் கண்ணில் தண்ணீர் வரும். தேடினாலும் ஒரு பிழை அகப்படாது.

பள்ளியை நடத்திய பாதிரியார் ஒருநாள் கூப்பிட்டு அனுப்பினார்.

"உட்காருங்க டீச்சர். பிள்ளைங்க கடிதமெல்லாம் ரொம்பப் பிரமாதம்."

"நன்றி ஃபாதர்."

"அதுதான் பிரச்சினை."

மேஜையில் மூன்று பதில் கடிதங்கள் இருந்தன. ஒன்றை எடுத்துப் படித்தார். 'இந்தக் குழந்தை என் பேரனைவிட நன்றாக எழுதுகிறது. மிக்க மகிழ்ச்சி. இனி என் உதவியை உண்மையிலேயே கஷ்டப்படும் ஒரு குழந்தைக்குக் கொடுக்க விரும்புகிறேன்.' மற்ற இரண்டும் அதே ரகம்.

"முன்னாடி இருந்த டீச்சருக்கு இங்கிலீஷ் சுத்தமா வராது. உதவி கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு" என்றார் ஏக்கத்தோடு.

"நான் இப்ப என்ன பண்ணணும்?"

"பெரிசா ஒண்ணும் வேணாம். கடிதத்துக்கு ஒரு மூணு தப்பு. படிச்சா மனசு இளகணும், எரிச்சல் வரக்கூடாது. கர்த்தர் பேரை மட்டும் சரியா எழுதச் சொல்லுங்க."

"பொய் எழுதச் சொல்றீங்களா ஃபாதர்?"

"பொய்யா? தாழ்மைன்னு சொல்லுங்க டீச்சர்."

வீட்டில் இதைக் கேட்டுக் கணவர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அடுப்பை அணைத்தார்.

"ஊருக்குக் கிளம்பிடலாமா?"

"கிளம்பினா அந்தப் பழைய டீச்சர் மாதிரி இன்னொருத்தரைத்தான் கொண்டு வருவாங்க. பிள்ளைங்க கதி?"

அடுத்த வெள்ளிக்கிழமை கரும்பலகையின் நடுவில் கோடு கிழித்தார். இடது பக்கம் 'நமக்கு'. வலது பக்கம் 'அவங்களுக்கு'. பிள்ளைகளின் நோட்டிலும் அப்படியே. முதலில் இடது பக்கம் சரியாக எழுத வேண்டும். பிறகு அதைப் பார்த்து வலது பக்கம் மூன்று தப்போடு: முதல் பத்தியில் 'வென்ட்' வரவேண்டிய இடத்தில் 'கோ', இரண்டாவதில் பன்மைத் தப்பு, மூன்றாவதில் எழுத்துத் தப்பு.

பிள்ளைகளுக்குக் குஷி தாங்கவில்லை. இறந்தகாலத்தை அதுவரை பயந்து பயந்து எழுதியவர்களெல்லாம் இரண்டே வாரத்தில் அதில் புலியாகிவிட்டார்கள். சரியானது தெரிந்தால்தானே அளந்து தப்புப் பண்ண முடியும்?

"டீச்சர், இந்தத் தப்பு சரியா இருக்கா பாருங்க."

"இல்லம்மா, இது சரியாவே இருக்கு. ஒழுங்காத் தப்பா எழுது."

சொல்லிவிட்டு, தன் வாயால் வந்ததைக் கேட்டு அவரே கூசிப்போவார். அந்த வருஷம் யாரும் உதவியை நிறுத்தவில்லை. பாதிரியார் அவரைக் கண்டால் தூரத்திலிருந்தே கும்பிட்டார்.

பிறகு ஓர் உபகாரி நேரிலேயே வந்துவிட்டார். வயதான அம்மாள், பத்திரிகை ஆபீஸில் நாற்பது வருஷம் பிழை திருத்தியவர். பாதிரியார் பிள்ளைகளிடம், "கேட்டா மட்டும் பேசுங்க. அதையும் திக்கித் திக்கிப் பேசுங்க" என்று சொல்லி வைத்திருந்தார்.

அந்த அம்மாள் கைப்பையிலிருந்து பத்துக் கடிதங்களை எடுத்தார். எழுதிய பெண் கடைசி பெஞ்சில் இருந்தாள்.

"பாப்பா, ஒவ்வொரு பாராவுலயும் ஒரே ஒரு தப்பு. பத்துக் கடிதத்துலயும் அப்படித்தான். தப்பு இப்படி வரிசையில நின்னு நான் பார்த்ததே இல்ல. எப்படிம்மா?"

பெண் எழுந்தாள். டீச்சரை ஒரு தரம் பார்த்தாள். பிறகு துளி பிசகாத ஆங்கிலத்தில் சொன்னாள்: "எங்களுக்கு மூணுக்குத்தான் அனுமதி, மேடம்."

பாதிரியார் கூரையைப் பார்த்தார். அங்கே தகரம்தான் இருந்தது.

டீச்சர் முன்னால் வந்தார். "நான்தான் சொல்லிக்கொடுத்தேன்" என்று ஆரம்பித்து ஒன்று விடாமல் சொல்லி முடித்தார். அந்த அம்மாள் கோபிக்கவில்லை. பெண்ணின் நோட்டை வாங்கி, பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இடது பக்கங்களை எல்லாம் மாலைவரை படித்தார். போகும்போது, "இனிமே எனக்கு இந்தப் பக்கத்தை அனுப்பு" என்றார் அவளிடம்.

விஷயம் மிஷனின் தலைமையகத்துக்குப் போயிற்று. கமிட்டி மூன்று முறை கூடியது. தப்போடு எழுதுவது பாவம், தப்பில்லாமல் எழுதுவது ஆபத்து. ஆகவே எழுதவே வேண்டாம் என்று முடிவாயிற்று. 'நான் நலம்', 'நன்றி' என்று அச்சடித்த படிவம் வந்தது. கட்டத்தில் டிக் போட்டால் போதும். விவகாரத்தைப் பக்குவமாகக் கையாண்டார் என்று பாதிரியாருக்குத் தலைமையகத்திலேயே பதவி கிடைத்தது. படிவங்களுக்குப் பொறுப்பு அவர்தான்.

டிக் போட ஐந்து நிமிஷம். மீதிப் பீரியட் சும்மா கிடந்தது.

"யாருக்கு வேணா, என்ன வேணா எழுதுங்க" என்றார் டீச்சர்.

"யாருக்கு டீச்சர் நன்றி சொல்லணும்?"

"யாருக்கும் வேணாம்."

பிள்ளைகள் பள்ளி வாசலில் திறந்து கிடந்த சாக்கடையைப் பற்றி நகராட்சிக்கு எழுதினார்கள். அடுத்த வாரமும் எழுதினார்கள். அதற்கடுத்த வாரமும்.

நான்காவது மாதம் நகராட்சி குமாஸ்தா நேரில் வந்தார், வேர்த்து விறுவிறுத்திருந்தார்.

"வாரா வாரம் நாப்பத்தோரு கடிதம் டீச்சர்! ஒண்ணுகூட விடாம பதில் போடணும்னு ரூல். சாக்கடையை மூடிட்டோம். தயவுசெஞ்சு நிறுத்தச் சொல்லுங்க."

"ரொம்ப சந்தோஷம் சார். நன்றி சொல்லி ஆளுக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லட்டுமா?"

"ஐயோ, வேணாம்மா!" என்று குமாஸ்தா வாசலைப் பார்த்து நடந்தார்.