பட்டாளத்துக் குழலுக்கு வச்ச சந்தனம்

எனக்குப் பயம் ஜாஸ்திங்க, ஒத்துக்கறேன். கேஸை மூடினேனா இல்லையான்னு பாதி வழியில பஸ்ஸை விட்டு இறங்கி ஊட்டுக்குத் திரும்பி ஓடுற ஆளு. ஆனா பேய் பிசாசை ஒருநாளும் நம்பினதில்லை, எனக்கிருக்கற கவலையில அதுக்கெல்லாம் இடம் ஏது. ஏழாவதோட படிப்பை விட்டவன் கதை கட்டுறான்னு நினைச்சா நினைச்சுக்குங்க.

குமாரபாளையத்துல தறி ஓட்டி, நெஞ்சுல பஞ்சு சேர்ந்து இழுப்பு வந்தப்புறம், சேலம் ஃபேர்லேண்ட்ஸ்ல ஒரு மேடம் நடத்துற பழைய வாத்தியக் காட்சிசாலையில தூசி தட்டற வேலைக்குச் சேர்ந்தேன். இதுவும் போச்சுன்னா இந்த நெஞ்சை வச்சுக்கிட்டு வேற எங்க போறது? அங்க கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு மரக்குழல், வெள்ளைக்காரப் பட்டாளத்துல ஊதினதாம். அப்புறம் யாரோ நம்மாளு கையில சிக்கி, ஒரு துளையைக் கட்டை வச்சு அடைச்சு, கீழே கோணலா வேற துளை போட்டிருக்கான். "அவனுக்கு விரல் வளைஞ்சிருக்கும், தன் கைக்குத் தக்க மாத்திக்கிட்டான்"னு மேடம் சொல்லுவாங்க.

ஆயுத பூஜையன்னிக்கு, தறிக்கு வைக்கற பழக்கத்துல, எல்லா வாத்தியத்துக்கும் சந்தனம் குங்குமம் வச்சு, பெட்டியைப் பூட்டிட்டு வந்துட்டேன். படுத்தப்புறம்தான் திக்குன்னுச்சு. பழைய மரத்துல ஈரமே படக்கூடாதுன்னு மேடம் படிச்சுப் படிச்சுச் சொன்னதாச்சே. வேலை போச்சுன்னு பொட்டுத் தூக்கமில்லை.

காலையில அவங்க வர்றதுக்கு முந்தி ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தேன். மத்ததுலயெல்லாம் சந்தனம் காஞ்சு கெடக்குது, குழல்ல மட்டும் அந்தக் கோணல் துளையோரம் விரலால வழிச்ச மாதிரி இருக்குது. ஊதற துளை நனைஞ்சிருக்குது. சாவி என் இடுப்புல இருந்துச்சுங்க. துண்டால துடைச்சேன்.

பின்னாடி செருப்புச் சத்தம். மேடம்.

"சந்தனம் வைக்க இது என்ன லாரியா, மாதேசு?"

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள சிரிச்சுட்டாங்க. "போகட்டும் போ. இவ்வளவு நல்லா ஊதுவேன்னு சொல்லவே இல்லியே. வாசல்ல காரை நிறுத்தினதுல இருந்து கேட்டுக்கிட்டேதான் வந்தேன்."

சத்தியமா நான் ஊதலைங்க. நாலு படி ஏறினாலே இளைக்கறவன் எங்க ஊதறது? என் காதுல ஒரு சத்தமும் விழலை. ஆனா இல்லைன்னு சொன்னா மறுபடி சந்தனத்துக்கு வந்துருவாங்களேன்னு, "ஆமாங்க மேடம், சும்மா கொஞ்சம்"னுட்டேன்.

வேலை தப்பிச்சுது. இப்பவும் மத்தியானத்துல மாடியில இருந்து குரல் குடுப்பாங்க, "மாதேசு, போன் பேசணும், போதும் நிறுத்து." நான் வெளிய வாசல்ல தொடப்பத்தோட நிப்பேன். "சரிங்க மேடம்"பேன்.

உடனே மேல இருந்து "தேங்க்ஸ்"ம்பாங்க. அப்படின்னா ஊதற சத்தம் நின்னுருச்சு, நான் சொல்றது அதுக்குக் கேக்குதுங்க.