சாவி யாரிடம் என்று கேட்ட வகுப்பு

குரும்பகரத்தில் எங்கள் வயலில் அறுப்பு மும்முரம். மிஷின் சத்தத்தில் கைப்பேசி அடித்தது காதில் விழவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான், பழைய ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் பிலோமினா டீச்சர் இறந்த செய்தி கிடந்தது. படத்துக்குக் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: "பொறுமையானவர். தன் விருப்பத்தின் பேரில் புதுச்சேரிக்கு மாறுதல் பெற்றுச் சென்று, அங்கேயே ஓய்வு பெற்றவர்." அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. விருப்பமாம். டீச்சரை இங்கிருந்து துரத்தினார்கள். அன்றைய தலைமையாசிரியையான நான் அதற்கு உடந்தை. அதை மறைத்துவிட்டு அஞ்சலி என்று எதை எழுதினாலும் அது ஒப்புக்கு அழுவதாகத்தான் இருக்கும்.

எங்களுடையது கடலோரக் கிராமம் ஒன்றின் அரசுத் தொடக்கப்பள்ளி. ஊர்ப்பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். டீச்சர் ஐந்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுத்தார். பாடப்புத்தகத்தைக் கடைசியில்தான் திறப்பார். முதலில் ஒரு தாளைப் பிள்ளைகள் கையில் கொடுப்பார். முதல் நாள் தாள் எப்போதும் அவருடைய தாத்தாவின் பிறப்புப் பதிவு. பிறப்பு, இறப்பு பதியும் எத்தா சிவில் அலுவலகத்தில், பிரெஞ்சுக்காரர் காலத்துப் பதிவேட்டில் இருந்து எடுத்த பிரெஞ்சு நகல். "எனக்கும் இதைப் படிக்கத் தெரியாதுப்பா. கண்ணுக்கு என்ன தெரியுதோ அதைச் சொல்லுங்க" என்பார். முத்திரை, தேதி, கையெழுத்து என்று சொல்லிக்கொண்டே வந்த பிள்ளைகளில் ஒருத்தி, "இங்க மட்டும் பேருக்குப் பதிலா கோடு கிழிச்சிருக்கு டீச்சர்" என்றாள். தாத்தாவின் அப்பா போட்ட குறி அது. "அவருக்கு எழுதத் தெரியாது. ஆனா பிள்ளை பேரு ஏட்டுல ஏறணும்னு தெரிஞ்சிருக்கு பாருங்க" என்றார் டீச்சர். குடிமையியலை இத்தனை சுருக்கமாக எந்தப் பயிற்சி முகாமிலும் எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

மறுநாள் வீட்டிலிருந்து ஆளுக்கொரு தாள் கொண்டுவரச் சொன்னார். குடும்ப அட்டை, தடுப்பூசி அட்டை, கரண்ட் பில் எல்லாம் மீன் வாடையோடு வந்து சேர்ந்தன. ஒருவன் படகின் பதிவுச் சான்றிதழையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். கடலுக்குக் கிளம்பிய அப்பா தாளைக் காணாமல் பள்ளி வாசலில் வந்து நின்று கத்தினார். டீச்சர் அசரவில்லை. "தப்பு என்னோடதுதாங்க. வந்ததே வந்தீங்க, இந்த நம்பர் எதுக்குன்னு பிள்ளைங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க" என்றார். அந்த மனிதர் கரும்பலகையில் படகு வரைந்து அரைமணி நேரம் பாடமே எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு டீச்சர் யாரிடமும் அசல் கேட்டதில்லை, நகல்தான்.

வினை ஒரு கல்லில் இருந்தது. மீன் விற்கும் பெண்களுக்கென்று கடைத்தெருவில் ஒரு நிழற்கூடம் கட்டித் திறப்புவிழாக் கல்லும் பதித்திருந்தார்கள். விழா முடிந்த கையோடு பூட்டு தொங்கியது. உள்ளே யாருடைய சிமெண்டு மூட்டைகளோ அடுக்கியிருந்தன. அந்தக் கல்லைப் படிக்கப் பிள்ளைகளை அழைத்துப் போகலாமா என்று டீச்சர் என்னிடம் அனுமதி கேட்டார். கொடுத்தேன். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், நான்தான் கொடுத்தேன்.

பிள்ளைகள் கல்லின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எழுத்துகளைப் பிரதி எடுத்தார்கள். பிறகு வெயிலில் கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்களிடம் போனார்கள். "கல்லுல உங்களுக்குன்னு எழுதியிருக்கே, நீங்க ஏன் வெளில உக்காந்திருக்கீங்க?" என்று ஒரு பிள்ளை கேட்டது. நண்டு விற்றுக்கொண்டிருந்த அம்மாள், "சாவி யாருகிட்ட இருக்குன்னு கல்லுல எழுதியிருக்கா பாரு கண்ணு" என்றாள். கல்லில் எல்லோர் பெயரும் இருந்தது, அது மட்டும் இல்லை. வகுப்புக்குத் திரும்பிப் பிள்ளைகள் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். ஒரே கேள்விதான்: "ஐயா, சாவி யாரிடம் இருக்கிறது?"

பத்து வயதுப் பிள்ளைகளின் ஒரு வரிக்குப் பதில் சொல்ல அந்த அலுவலகத்துக்கு வக்கில்லை. டீச்சர் மேல் விசாரணை வைக்க மட்டும் ஆள் வந்தது. குழந்தைகளைத் தூண்டிவிட்டாராம். பள்ளி நேரத்தில் அனுமதியின்றி வெளியே கூட்டிப்போனாராம். வந்த அதிகாரி என்னைப் பார்த்து, "உங்களுக்குத் தெரியாமத்தானே நடந்திருக்கு?" என்று கேட்டார். கேள்வியிலேயே பதிலை வைத்து நீட்டினார். "ஆமாங்க சார், எனக்குத் தெரியாது" என்று வாங்கிக்கொண்டேன். டீச்சர் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒழுங்கு நடவடிக்கையா, விருப்ப மாறுதலா, நீங்களே எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்தார். மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. அவளை அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் புதுச்சேரிக்குப் பஸ் ஏறினார். அடுத்த வருடமே சத்தமில்லாமல் நிழற்கூடத்தைத் திறந்துவிட்டார்கள். இன்று அந்தப் பெண்கள் நிழலில் உட்கார்ந்துதான் விற்கிறார்கள். டீச்சருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் போட எவருக்கும் கை வரவில்லை. எனக்கும்தான். ஓய்வுக்குப் பின் அவர் இங்கே பக்கத்தில், தருமபுரத்தில் மகளோடுதான் இருந்தார். ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?

அடக்கத்துக்குப் போனேன். எல்லோரும் கலைந்த பிறகு மகள் என்னை வீட்டுக்குள்ளே கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தாள். "அம்மா இதைப் பத்திரமா வச்சிருந்தாங்க. உங்ககிட்ட குடுக்கணும்னு தோணுச்சு" என்றாள். பிரித்தேன். அன்று அனுமதி கேட்டு டீச்சர் எழுதிய கடிதம். அடுத்த நொடி செத்துப்போன மனுஷி மேலேயே ஆத்திரம் வந்தது. தாளைக் காட்டிப் பேசு என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர், தன்னைக் காப்பாற்றும் தாளைக் கையில் வைத்துக்கொண்டா வாய்மூடி உட்கார்ந்திருந்தார்? "ஏம்மா காட்டல?" என்று மகளிடம் கத்தியேவிட்டேன்.

"நானும் கேட்டேன் ஆன்ட்டி. 'எச்.எம். டீச்சருக்கு ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம்தான் இருக்கு, வீட்டுக்காரரும் படுத்த படுக்கை. அவங்களை மாட்டிவிட்டு நான் இங்க இருக்கணுமா'ன்னாங்க."

பிலோமினா டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு தாள். கடிதத்தின் ஓரத்தில், 'அழைத்துச் செல்லலாம்' என்று என் கையால் எழுதியிருக்கிறேன். கீழே பள்ளி முத்திரை. அதன்மேல், எனக்குத் தெரியாது என்று சொன்னவளின் கையெழுத்து.