உட்கார்ந்து பார்க்க வேண்டிய வீடு

காலி வீட்டுக்குள் நுழைந்ததும் தரகர் கூடத்தின் நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்துவிடுவார். கவிழ்த்த வாளியின் மேல் கைப்பேசியை நிறுத்தி, வாசலையும் சன்னலையும் படமெடுப்பார். விலைக்கு வந்த எந்த வீட்டையும் அவர் நின்றபடி எடுத்ததில்லை.

ஒருமுறை மழைக்கு அவர் ஒதுங்கிய திரைப்படக் கழக அரங்கில் பழைய ஜப்பானிய இயக்குநர் ஒருவரின் படம் ஓடிக்கொண்டிருந்தது; அன்று ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. தரையில் அமர்ந்தவரின் கண்மட்டத்தில் அசையாமல் நிற்கும் கேமரா, ஆட்கள் எழுந்துபோன பிறகும் வெற்றறையைச் சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது. மழை விட்டதை அவர் கவனிக்கவில்லை. இப்போது காலைக் காப்பியோடு அந்த இயக்குநரின் படங்களை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார். கதைகள் மனப்பாடம்; ஆனால் ஒவ்வொரு காட்சியிலும் கெண்டி எங்கே இருக்கிறது, கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதில்தான் பாடம் இன்னும் முடியவில்லை.

தொழிலில் கூட்டாளியான மைத்துனனுக்கு இது தீராத் தலைவலி.

“கேமராவத் தூக்குனாத்தான் மாமா வீடு பெருசாத் தெரியும். நீங்க எடுத்தா, பூனை வீடு பாக்க வந்த மாதிரி இருக்கு.”

“நிக்கிறவன் வெல கேக்க வந்தவன் மாப்ளே. குடியிருக்கிறவன் உக்காந்துதான் பாப்பான்.”

“அப்ப அந்தப் பூனைகிட்டயே முன்பணம் வாங்கிக் குடுங்க.”

கேலிக்குப் பின்னால் கவலை இருந்தது. மூன்றாம் மாடி வீடொன்று விலைபோகாமல் கிடந்தது. அதன் சன்னல் மிகத் தாழ்வானது. தரகரின் படத்தில் அதில் ஒரு மரம் தெரியும். நேரில் வந்து நின்று பார்ப்பவர்களுக்கு எதிர்க்கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய்தான் தெரியும். “உக்காந்து பாருங்க” என்று கெஞ்சினாலும், சலவை மடிப்புக் கலையாமல் வந்தவர்கள் எவரும் உட்காரவில்லை. வீட்டுக்காரர் வேறு தரகரைத் தேடத் தொடங்கிவிட்டார். இதுவும் கைநழுவினால் அலுவலகத்தைப் பூட்ட வேண்டியதுதான்.

நேற்று ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் சன்னலருகே போய் உதட்டைப் பிதுக்கினார்.

“படத்துல மரம் காட்டுனீங்க, இங்க குழாயில்ல இருக்கு? இதுக்கா மூணு மாடி ஏறுனோம்? வா, போலாம்.”

“இருங்க, மூச்சு வாங்குது” என்று மனைவி நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தாள்.

தலை நிமிர்ந்தவள் சன்னலையே பார்த்தாள். அங்கிருந்து பார்க்க, குழாய் சன்னல் விளிம்புக்குக் கீழே இறங்கி மறைந்துவிட்டது. எதிர்க் கூரைக்கு மேலே மரத்தின் உச்சியும் வானமும் சன்னலை நிறைத்திருந்தன.

மைத்துனன் ஏதோ பேச வாயெடுத்தான். தரகர் உதட்டில் விரல் வைத்தார்.

“இங்க வந்து உக்காருங்களேன்” என்று, கணவரைத் திரும்பிப் பார்க்காமலே அவள் பக்கத்துத் தரையைத் தட்டினாள்.

தரகர் சாவிக்கொத்தை ஓசைப்படாமல் தரையில் வைத்தார். மைத்துனனைக் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்து, கதவைப் பாதி திறந்தபடியே விட்டார்.