அண்ணனுக்கு வார்த்த நெய்

என் அப்பா முப்பத்தாறு வயதில், கிள்ளான் ஸ்டேஷன் பக்கத்துக் காப்பிக் கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே செத்துப்போனார். ரயில் இன்ஜினில் கரி அள்ளிப் போடுகிற வேலை அவருக்கு. சித்தப்பாவும் அந்த வயதை எட்டாமல் அதே மாதிரிதான் போனார். செய்வினை, சாபம் என்று ஊர் ஏதேதோ சொன்னது. அம்மா மட்டும், இரண்டு பேரும் உடம்பில் சத்தில்லாமல்தான் போனார்கள் என்று முடிவு கட்டினாள். மூத்த மகனை அப்படிப் பறிகொடுக்க மாட்டேன் என்று வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள்.

அதற்குப் பிறகு பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டு அடுப்பில் நடந்தது சமையல் இல்லை, சண்டை. எமனோடு சண்டை. அண்ணனுக்குச் சோற்றில் நெய், தோசையில் நெய், ஆட்டுக்கால் சூப்பு, மூளை வறுவல். இளையவன் எனக்கு ரசம். அண்ணன் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற கிளார்க், நாள் முழுக்க நாற்காலி. சாயங்காலம் பந்து விளையாடப் போனாலும் அம்மா மைதானத்துக்கே வந்து இழுத்துக்கொண்டு போவாள். ஓடியாடி உழைத்துத்தான் அப்பா தேய்ந்துபோனார் என்பாள். சிகரெட்டை மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டாள். உத்தியோகஸ்தன் கையில் சிகரெட் டின் இருப்பது அழகு, சாப்பிட்டது செரிக்கப் புகை நல்லது என்று அன்றைக்கு எல்லோரும்தான் நம்பினோம்.

அண்ணன் பூசணிக்காய் மாதிரி ஆனான். பக்கத்து வீட்டு அக்கா, "ராசா கணக்கா இருக்கான்" என்றால் அன்றைக்கே அம்மா அவனுக்குத் திருஷ்டி சுற்றிப் போடுவாள். பெண் கொடுக்க வந்தவர்கள் மட்டும் அப்பா எந்த வயதில் போனார் என்று கேட்டுவிட்டுத் திரும்பி வரவேயில்லை.

இருபத்தெட்டு வயதில் அவனுக்கு ஸ்டேஷன் மேம்பாலம் ஏற முடியவில்லை. பாதியில் நின்று இடது தோளைத் தேய்த்துவிட்டுக்கொள்வான். டாக்டர் ஒருவர் குழலை வைத்துப் பார்த்து, "வாயு. இந்த வயசுல வேற என்ன வரப்போகுது?" என்றார். மருந்து வாங்கிக்கொண்டு வந்தோம்.

அந்தத் தைப்பூசத்துக்கு அவன் விரதம் இருந்தான். கறியில்லை, சிகரெட் இல்லை, ஒரு வேளைச் சாப்பாடு. முருகனோடு மல்லுக்கு நிற்க அம்மாவாலும் முடியாது. அந்த நாட்களில் அவன் மேம்பாலத்தில் நிற்காமல் ஏறினான், சீட்டி அடித்துக்கொண்டு. எனக்குக்கூட நம்பிக்கை வந்தது. ஆனால் பூசத்தன்று பத்துமலைக் கோயிலில் பாதிப் படியில் வேர்த்துக் கொட்ட உட்கார்ந்துவிட்டான்.

"பட்டினி போட்டு என் புள்ளைய இப்படி ஆக்கிட்டேனே" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"விரதம் இருந்தப்போ நல்லாத்தானம்மா இருந்தான்" என்றேன்.

"சுவர் இருந்தாத்தான்டா சித்திரம். நீ பேசாம இரு."

மறுநாளே ஆட்டுக்கறி வந்தது. சிகரெட் டின்னும் திரும்பி வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டு சிகரெட் பற்றவைத்தவன், "டேய், ஒரு மாதிரியா இருக்கு. ஜன்னலைத் தொற" என்றான். ஜன்னல் திறந்துதான் இருந்தது. நான் ரிக்‌ஷாவுக்கு ஓடினேன். கொண்டுவந்து வாசலில் நிறுத்தியபோது அம்மா அவன் வாயில் ஓமத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அது கடைவாய் வழியாக வழிந்துகொண்டிருந்தது.

இப்போது எந்த டாக்டரும் சட்டென்று சொல்லிவிடுவார்: அப்பன் வழி ரத்தம், புகை, கொழுப்பு, உட்கார்ந்தே செய்கிற வேலை. கேட்கும்போதெல்லாம் ஆத்திரம் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பெற்றவள் மேலா கோபப்படுவது?

அண்ணனின் கருமாதி முடிந்த மறுநாள் அம்மா எனக்குச் சோறு போட்டாள். பிறகு நெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தட்டின் மேல் கையை விரித்து, "வேணாம்மா" என்றேன்.

"நீயாவது எனக்கு மிஞ்சணும்டா" என்றாள். கரண்டியைச் சாய்த்ததில் நெய் என் விரல்மேல் சொட்டியது.

தட்டின் மேலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.